செட்டிநாட்டு வீட்டில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காரைக்குடி, கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி பக்கம் பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் சிலவற்றைப் பழுதுபார்த்து, விருந்தினர் தங்கும் இடங்களாக்கியிருக்கிறார்கள். வாடகை நட்சத்திர ஹோட்டல் கணக்கில் இருப்பதால் போகிறவர்களும் அதே கணக்கில் போய் இறங்குகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. கூட்டுக் குடும்பம் புழங்குவதற்கும், கல்யாணம் காட்சி நடத்துவதற்கும் கட்டிய வீடு அது.

முதல் தவறு, முகப்புத் தூண்களின் படத்தைப் பார்த்து அறையைப் பதிவு செய்வது. இந்த வீடுகளில் அழகும் இடமும் முகப்பிலும், உள்ளே இருக்கும் முற்றமான வளவிலும்தான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், அதாவது ஒவ்வொரு 'புள்ளி'க்கும், பிரித்துக் கொடுத்தவை. சீர் சாமான், பெட்டி, பாத்திரம் வைத்துப் பூட்டத்தான் அவை பெரும்பாலும் பயன்பட்டன. அதனால் சின்னதாக, வெளிச்சம் குறைவாக இருக்கும். புதுப்பிக்கும்போது சிலர் இரண்டு அறைகளை இடித்துச் சேர்த்திருக்கிறார்கள், சிலர் மாடியில் புதிதாக அறை கட்டியிருக்கிறார்கள். ஆகவே போனிலேயே கேட்டுவிடுங்கள்: அறை கீழேயா, மாடியிலா? ஜன்னல் வெளிப்பக்கம் திறக்குமா, வளவுப் பக்கமா? வளவுப் பக்கம் என்றால் விடியற்காலையில் பாத்திரச் சத்தத்தோடுதான் எழுந்திருக்க வேண்டும். முட்டிவலிக்காரர்கள் மாடியைத் தவிர்ப்பது நல்லது. பழைய படிகள் செங்குத்தானவை, லிஃப்ட் இருக்குமென்று நம்பிப் போகாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்து மெனு கார்டு கேட்பது அடுத்தது. பல இடங்களில் அன்றைக்கு எத்தனை பேர் என்று பார்த்துத்தான் உலை வைப்பார்கள். கவுனி அரிசி இனிப்பு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். அந்தக் கருப்பரிசி நன்றாக ஊறாமல் வேகாது. இன்னொன்று, ஊருக்கு ஊர் 'செட்டிநாடு' பலகை மாட்டிய ஓட்டல்களின் காரத்தை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். வீட்டுச் சமையலில் காரம் அடக்கம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டி என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல், பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்வது, சூளையில் சுட்ட டைல்ஸ் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. காலும் துணியும் பட்டுப் பட்டு அது கூடும். மண் ஒட்டிய சக்கரப் பெட்டியை அதன்மேல் தரதரவென்று இழுத்தால் கீறல் விழும், எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே கிடந்தால் திட்டு விழும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள், செருப்பை முகப்பிலேயே விடுங்கள். சுவரும் அப்படித்தான்: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சில் எண்ணெய்த் தலையைச் சாய்த்தால் கறை போகாது. போட்டோ ஷூட்டுக்கென்று டேப் ஒட்டி அலங்காரம் செய்கிறவர்களை என்ன சொல்வது!

சித்திரை, வைகாசியில் போய்விட்டு வெயிலைக் குறை சொல்வதும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஆனால் தை பிறந்தால் கல்யாணங்கள் வரிசைகட்டும், மொத்த வீட்டையும் யாராவது எடுத்திருப்பார்கள். முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரே ராத்திரிக்கு, அதுவும் இருட்டிய பிறகு வந்து காலையில் கிளம்புவதற்கு இவ்வளவு வாடகை கொடுக்கத் தேவையே இல்லை. காலை பத்து மணி வெயில் வளவில் இறங்கும்போது பர்மா தேக்குத் தூணும் கல்லும் நிறம் மாறுவதைப் பார்க்கவாவது இரண்டு ராத்திரி வேண்டும்.

ஊரிலுள்ள எல்லா வீடும் பார்வைக்குத் திறந்திருக்கும் என்று நினைத்து, கதவு திறந்த வீட்டில் நுழைந்துவிடாதீர்கள். பூட்டிய வீட்டுக்கும் பல பங்காளிகள் சொந்தம். நோன்புக்கும் விசேஷத்துக்கும் வந்து திறப்பார்கள்.

கடைசியாக, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவு நிலையும் பேரம் பேசுவது. அவற்றில் பல, பங்கு பிரிக்க முடியாமல் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை. ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஓலைக் கொட்டானோ (பனையோலைக் கூடை) கண்டாங்கிச் சேலையோ வாங்குங்கள், ஆத்தங்குடியில் புதிதாகச் செய்த கல்லே கிடைக்கும்.