பலகையில் நோயின் பெயர் வேண்டாம்

எங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் முதலில் மாட்டிய பலகையில் ‘எச்.ஐ.வி. குடும்பங்களுக்கான உதவி மையம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், டாக்சிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கடை அறை. மூன்று வாரம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். ஒரு குடும்பம்கூட வரவில்லை. நான்காவது வாரம், இருட்டிய பிறகு, பின்வாசல் வழியாக ஓர் ஆயா வந்தார். (இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.) அவர் உட்காரக்கூட இல்லை. “ஏம்மா, இந்தப் பலகைக்குக் கீழே என்னை யாராவது பார்த்தா, நாளைக்கு என் பேத்தியை எவன் வந்து கட்டுவான்?” என்று கேட்டார். மறுநாள் காலையில் பலகையைக் கழற்றினேன்.

போன மாதம் டர்பனின் வடக்கே உள்ள பீனிக்ஸ் பகுதியில் இருந்து ஒரு தங்கை என்னைப் பார்க்க வந்தாள். அவளும் சமூகப் பணியாளர். இதே போல ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டுமாம். “எங்கிருந்து ஆரம்பிக்கிறது அக்கா?” என்றாள். பலகையில் இருந்து ஆரம்பி என்றேன். அவளிடம் அன்று சொன்னதைத்தான், விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் சமூகப்பணி படித்தவள். 1999-இல் கல்யாணமாகி டர்பன் வந்தேன். வெளிநாட்டுப் பட்டத்தோடு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா உங்கள் பட்டத்தை மதிப்பிட வேண்டும், பிறகு சமூகசேவைத் தொழில் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் இங்கே சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நான் வந்த மறுவருடம், 2000 ஜூலையில், உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில் நடந்தது. கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த தொடக்க விழாவில் ங்கோசி ஜான்சன் என்ற பதினோரு வயதுப் பையன் மேடையேறிப் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்தவன். அடுத்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இறந்துபோனான். அவனை வளர்த்த தாய், தொற்றுள்ள அம்மாக்களும் குழந்தைகளும் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் வாழ ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு இல்லம் தொடங்கியிருந்தார். குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுவது காப்பாற்றுவதாகாது, குடும்பத்தையே தாங்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குள் விழுந்தது.

முதலில் ஆறு மாதம் கேளுங்கள்

விதிமுறை எழுதுவதற்கு முன், நிதி கேட்பதற்கு முன், சும்மா போய் உட்காருங்கள். மருந்து வாங்கும் வரிசையில், கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும் இடத்தில், பள்ளிக்கூட வாசலில், உதவித்தொகை வாங்கும் கூட்டத்தில். நான் அப்படிப் போனபோது, மாத்திரைதான் பெரிய பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 2004-இல் இருந்தே அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.வி. மருந்து இலவசம். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்கு அது பரவுவதே இல்லை.

மக்களுக்கு இல்லாமல் போனவை வேறு. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மருத்துவமனைக்குப் போக டாக்சிக் காசு இல்லை. மகள் இறந்த பிறகு மூன்று பேரப்பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று தெரியவில்லை. “எனக்கு ஏன் தினமும் மாத்திரை?” என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஒரு அம்மா உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருந்தார். மாமியாரிடம் அது சுகர் மாத்திரை என்று சொல்லியிருந்தார்.

கேட்டுவிட்டு, நீங்கள் செய்யப் போகிற ஒன்றோ இரண்டோ வேலையை முடிவு செய்யுங்கள். நாங்கள் இரண்டை எடுத்துக்கொண்டோம்: அரசுக் காகிதங்களை வாங்கிக் கொடுப்பது, பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குத் துணை நிற்பது. மருத்துவம் எங்கள் வேலை இல்லை.

இன்னொன்று. தமிழர்களுக்கு மட்டும் என்று தொடங்காதீர்கள். சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதி இருக்கிறது, பக்கத்தில் ஜூலு மக்கள் வாழும் உம்லாசி. இந்த நோயைப் பெயர் சொல்லாமல் ஜூலு மொழியில் ‘அமகாமா அமத்தாத்து’, மூன்று எழுத்து, என்பார்கள். நம் ஆட்கள் ‘அந்த வியாதி’ என்கிறார்கள். மறைக்கிற விதம் ஒன்றுதான். ஜூலு பேசும் ஒருவர் முதல் நாளில் இருந்தே உங்களோடு இருக்க வேண்டும், அதுவும் முடிவெடுக்கும் இடத்தில்.

பதிவு

பலரும் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் இது எளிது. மூன்று வழி உண்டு: தன்னார்வச் சங்கம், அறக்கட்டளை, லாபநோக்கற்ற நிறுவனம். அறக்கட்டளையை உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நிறுவனம் என்றால் கம்பெனிகள் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும், குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். சின்னதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சங்கமே போதும். ஒரு கூட்டம் போட்டு, விதிமுறையை ஏற்றுக் கையெழுத்திட்டால் சங்கம் பிறந்துவிடும்.

அப்புறம் அதை 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி, சமூக வளர்ச்சித் துறையில் அதற்கென உள்ள இயக்ககத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். விதிமுறையில் இருந்தே ஆக வேண்டியவை: பெயர், நோக்கம், வருமானத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்பது, கூட்டம் நடத்தும் முறை, வங்கிக் கணக்கு, நிதியாண்டு முடியும் தேதி, நிறுவனம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குப் போகும் என்பது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுப் பதிவை இழந்த நல்ல நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன்.

வரித்துறையில் பொதுநலன் நிறுவனம் என்ற அங்கீகாரத்தையும், நன்கொடைக்கு ரசீது கொடுக்க வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அனுமதியையும் சேர்த்தே கேளுங்கள். அந்த ரசீது இருந்தால்தான் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். அதற்கு, ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் பொறுப்பில் இருக்க வேண்டும். கணவர், மச்சினர், நீங்கள் என்று குழு அமைத்தால் செல்லாது. செல்லும் என்றாலும் வேண்டாம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், தொற்றோடு வாழும் தாய் ஒருவர். கணக்கில் சந்தேகம் வந்தால் என்னை நேருக்கு நேர் கேட்கக்கூடியவர்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரையும், சமையலுக்கு வருகிறவரையும் சேர்த்து, தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து சாப்பிட்டு வீட்டுப்பாடம் எழுத ஓர் இடம் நடத்தப் போகிறீர்கள் என்றால், அதற்குக் குழந்தைகள் சட்டப்படி தனிப் பதிவு உண்டு.

வாயும் பூட்டும்

பலகையில் தொடங்கியது இங்கேதான் வந்து சேர்கிறது. இந்த வேலையில் உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து, உங்களிடம் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை. அது ஒருமுறை உடைந்தால், எத்தனை லட்சம் ராண்ட் நிதி வந்தாலும் மறுபடி ஒரு குடும்பம் வராது.

எங்கள் நிறுவனத்துக்கு இப்போது ஒரு மரத்தின் பெயர். வண்டியில் எந்தச் சின்னமும் இல்லை. கோப்பின் அட்டையில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு வேறு அலமாரியில், வேறு பூட்டில். போனில் கூப்பிட்டால் என் பெயரை மட்டும் சொல்வேன். யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் வேறு ஒரு வார்த்தை பேச மாட்டேன். குறுஞ்செய்தியில் நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ எழுதுவதில்லை. உடல்நலத் தகவலுக்குத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறப்புக் காவல் கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில் இருந்து அது முழுதாக நடைமுறையில் இருக்கிறது. தகவல் பொறுப்பாளர் ஒருவரை நீங்கள் பதிவு செய்தாக வேண்டும்.

வீட்டுக்குப் போவதென்றால் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்துங்கள். சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குப் பொது. முன்னறையில் உட்கார்ந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். “வாங்கம்மா, கடை வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று கூட்டிப்போய் நடந்துகொண்டே பேசுவேன்.

உணவுப் பொட்டலம் கொடுப்பதிலும் கவனம். தொற்றுள்ள வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பொட்டலமே பலகை ஆகிவிடும். அதனால் நாங்கள் நோயாளி இருக்கும் எந்த வீட்டுக்கும் கொடுக்கிறோம்: சுகர், டி.பி., பக்கவாதம், எதுவானாலும். செலவு கூடுகிறது. ஆனால் கேள்வி கேட்பார் இல்லை.

நிதி கொடுப்பவர்கள் பிள்ளைகளின் படம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். முகத்தை மறைத்தும் கொடுக்காதீர்கள். சட்டையையும் செருப்பையும் வைத்தே ஊரில் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு முறை இதற்காகவே ஒரு பெரிய தொகை கைவிட்டுப் போனது. அன்று அழுதேன், ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளை எச்.ஐ.வி. சோதனைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையின் முடிவை வெளியே சொல்லவும் அதன் சம்மதம்தான் வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் கேட்டார் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

காகிதம்

பின்வாசலில் வந்த அந்த ஆயாவின் வீட்டில் மூன்று பிள்ளைகள். மகள் இறந்து இரண்டு வருடம். கடைசிப் பையனுக்குப் பிறப்பைப் பதியவே இல்லை. ஓர் அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை மனுவை வாங்க மாட்டோம் என்று நான்கு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது தவறு. சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாவிட்டாலும், பிரமாணப் பத்திரமும் வேறு ஆதாரங்களும் வைத்துக் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விதிகள் இடம் கொடுக்கின்றன. தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம், கிடைப்பதை எல்லாம் சேர்த்து, ஆயாவோடு நானே போனேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பிறப்புப் பதிவுக்கு அப்புறம் ஏழு மாதம் அலைந்தோம்.

பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 2022-இல் இருந்து இந்தக் குழந்தை உதவித்தொகையோடு ஏறக்குறைய அதில் பாதி கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்கு முன் வளர்ப்பு உதவித்தொகைக்காக நீதிமன்ற ஆணை வாங்க வருடக்கணக்கில் காத்திருந்த பாட்டிமார்கள் உண்டு. இந்தக் கூடுதல் தொகை பற்றி இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. உங்கள் முதல் வருட வேலையே இதுவாக இருக்கலாம்.

பெரியவர்கள் யாருமே இல்லாத வீட்டில், பதினாறு வயது நிரம்பிய பிள்ளையைக் குடும்பத் தலைமையாகச் சட்டம் ஏற்கிறது, மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வாரம் இரண்டு முறை போங்கள். ஒரு முறை போதாது.

பிள்ளையிடம் சொல்வது

தொற்றோடு பிறந்த பிள்ளையிடம் உண்மையை எப்போது சொல்வது? உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கொடுத்த வழிகாட்டுதல், பள்ளி வயதிலேயே, வயதுக்கு ஏற்றபடி படிப்படியாகச் சொல்லச் சொல்கிறது. ஆறு, ஏழு வயதில், “உன் ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க, இந்த மாத்திரை அவங்களை முழிச்சிருக்க வைக்குது” என்றால் போதும். பெயர் பிறகு வரட்டும். சொல்ல வேண்டியது வளர்ப்பவர்தான். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஆயாவும் நானும் அந்த வாக்கியத்தை எங்கள் சமையலறையில் மூன்று வாரம் சொல்லிப் பார்த்தோம். அவர் குரல் நடுங்காமல் வர அவ்வளவு நாள் ஆனது.

பணம்

ஒரே கையை நம்பாதீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அதையே நம்பியிருந்த பல அமைப்புகள் சில வாரங்களில் கதவடைத்தன. எங்களுக்கு அரசு மானியம் கொஞ்சம், மாதம் ஐம்பது, நூறு ராண்ட் கொடுக்கும் குடும்பங்கள் கொஞ்சம், வருடத்துக்கு இரண்டு முறை பிரியாணி டிக்கெட் விற்பனை. கோயில் சமையற்காரர்கள் கூலி வாங்காமல் வந்து அடுப்பு மூட்டுவார்கள். எதற்கு என்று நான் சொன்னதில்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் இல்லாமல் புது ஆளை எடுக்காதீர்கள்.

அப்படி மூடிய ஓர் அமைப்பின் சாமான்களை ஏலத்தில் எடுத்த பழைய சாமான் வியாபாரி என்னைப் போனில் கூப்பிட்டார். “அக்கா, இரும்பு அலமாரி ஒண்ணு, உள்ள நிறையக் காகிதம் இருக்கு, உங்க வேலை மாதிரி தெரியுது” என்றார். போய்ப் பார்த்தேன். கோப்புகள். பெயர், முகவரி, பரிசோதனை முடிவு, எல்லாம். அலமாரியை விலைக்கு வாங்கி, அந்த அமைப்பின் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்து, இருவருமாக உட்கார்ந்து, நடப்பில் இருந்த குடும்பங்களின் கோப்புகளை அவர்கள் சம்மதத்தோடு மாற்றிக் கொடுத்தோம். மற்றவற்றை அவர் முன்னால் கிழித்து அழித்தோம். மூன்று நாள் ஆனது.

அதற்குப் பிறகுதான் எங்கள் விதிமுறையில் ஒரு பிரிவு சேர்த்தோம்: நிறுவனம் கலைந்தால் கோப்புகள் யார் கையில் போகும், எத்தனை வருடம் இருக்கும், யார் முன்னிலையில் அழிக்கப்படும். சொத்தைப் பற்றி எழுதும் அந்தப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள், முதல் கூட்டத்திலேயே, ஒரு கோப்புகூடத் திறப்பதற்கு முன்.