சுவருக்குள் பார்க்கும் கருவிகள்: எங்கே தவறுகிறோம்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னை அடுக்குமாடி வீடுகளில் இதே பேச்சுதான். சுவரில் ஓதம் ஏறுகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. சுவரை உடைப்பதற்கு முன்னால் தெர்மல் கேமராவோடு ஆளைக் கூப்பிடுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கேமரா சுவருக்குள் பார்ப்பதில்லை. சுவரின் மேற்பரப்பு வெளியிடும் வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைக்கூட அதனால் காட்ட முடியாது.

திரையில் நீலத் திட்டு தெரிந்ததும் அங்கேயே உளியை வைப்பதுதான் பெரிய தவறு. ஈரமான இடத்தில் நீர் ஆவியாவதால் அது குளிர்ந்து தெரிகிறது. அடைமழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைந்துவிடும்; அப்போது கசிவு இருந்தும் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஏசி காற்று நேராக அடிக்கிற சுவரோ, காய்ந்திருந்தாலும் நீலமாகத் தெரியும். எங்கள் வீட்டுப் படுக்கையறையில் அப்படி ஒரு சுவரை உடைத்தோம். பூச்சுக்குப் பின்னால் செங்கல் காய்ந்து கிடந்தது. அதனால் ஏசியை அணைத்துச் சில மணி நேரம் விடுங்கள். மழை விட்டு வெயில் ஏறும்போது ஒரு முறை, வெயில் இறங்கியபின் ஒரு முறை படம் எடுக்கச் சொல்லுங்கள். நீர் ஊறிய பகுதி மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். அப்புறம் ஊசி வைத்த ஈரமானியால் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உளியை எடுக்கலாம்.

கான்கிரீட்டில் துளை போடுவதற்கு முன் கம்பி எங்கே இருக்கிறதென்று பார்க்கும் ரேடார் வேறு வகை. ரேடியோ அலையை உள்ளே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். உலர்ந்த கான்கிரீட்டில் நானோநொடிக்கு சுமார் 13 செ.மீ. ஓடும் அலை, ஈரம் ஏறினால் 10 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். உலர்ந்த கணக்கிலேயே கருவியை விட்டுவிட்டால், 10 செ.மீ. ஆழத்தில் உள்ள கம்பியை 13 என்று காட்டும். 12 செ.மீ. வரை துளைக்கலாம் என்று நம்பி இறங்கினால் கம்பி அறுபடும். தளத்தின் கனத்தை ஒரு திறப்பில் நாடாவால் அளந்து, கருவி அடிப்பகுதியை அதே அளவில் காட்டும்வரை சரிசெய்ய வேண்டும்.

ஒரே திசையில் மட்டும் கருவியை ஓட்டக்கூடாது. ஓட்டும் கோட்டுக்குக் குறுக்கே வரும் கம்பிதான் வில் போலத் தெளிவாகத் தெரியும். கூடவே போகும் கம்பி எளிதில் கண்ணில் படாது. நெடுக்கும் குறுக்கும் ஓட்டச் சொல்லுங்கள்.

தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் பூச்சுக்குள் கோழிவலை வைத்திருப்பார்கள். அதன் பின்னால் இருப்பதை வலை பெரும்பாலும் மறைத்துவிடும். அங்கே படம் வெறுமையாக வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருவான்மியூர்ப் பக்கம் கடலோரத்தில் தரைக்கடியில் குழாய் தேடும்போதும் அப்படித்தான். மண்ணில் உப்புநீர் ஊறியிருந்தால் அலை கொஞ்ச ஆழத்திலேயே அடங்கிவிடும்.

காந்த முறையில் கம்பி தேடும் சின்னக் கருவிக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். பிவிசி குழாயைத் தேட அதைக் கொண்டுவந்தால் வீண். எந்தக் கருவியானாலும், ஆள் கிளம்புவதற்கு முன் கம்பி, குழாய் போகும் கோடுகளைச் சுவரிலேயே சாக்பீஸால் வரைந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.