பழைய பேட்டர்னின் 14 இன்றைய 14 அல்ல: என் அனுபவம்

இடுப்பில் இறுகி, கீழே அம்பிரெல்லா கட்டிங்காக விரியும் 1950களின் பாணிக் கவுன் தைப்பதற்காக, அக்காலத்து அமெரிக்கக் காகிதப் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித மாதிரி) ஒன்றை வாங்கினேன். இன்றைய பேட்டர்ன்களில் எனக்குப் பொருந்தும் 14ஆம் எண்ணையே தேர்ந்தெடுத்ததுதான் பிழை. 1960களின் இறுதியில் அங்கு அளவெண்கள் மாறின. அதற்கு முன் 34 அங்குல மார்புச் சுற்றளவைக் குறித்த 14, பின்னர் 36 அங்குலத்தைக் குறிக்கலாயிற்று.

நல்லவேளையாக, மேற்பாகத்தை முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். முதுகில் ஜிப் மூடவே இல்லை. பக்கத் தையலில் மட்டும் கூட்டினால் அக்குள் வளைவு கெடும் என்பதால், முன், பின் காகிதங்களைத் தோளின் நடுவிலிருந்து இடுப்புவரை நெடுக வெட்டி, அரை அங்குலம் விலக்கி, அடியில் செய்தித்தாளை ஒட்டினேன். ஒவ்வொரு காகிதமும் உடலின் பாதிக்கே உரியது; இடம், வலம் என இருமுறை வெட்டப்படுவதால் மொத்தம் 2 அங்குலம் கிடைத்தது. இடுப்பில் மிகுந்ததை டார்ட்டில் (உடல் வடிவுக்கேற்பப் பிடித்துத் தைக்கும் மடிப்பில்) பிடித்து, தோளில் மிகுந்ததைச் சீவிவிட்டேன்.

துணியிலும் தடுமாறினேன். முதலில் எடுத்த மெல்லிய ரேயான் கண்ணுக்கு அழகுதான். ஆனால் விரிந்து நிற்காமல் காலோடு ஒட்டியது. அதை இரவு உடையாக்கிவிட்டு, பருத்திப் பாப்ளினை ஒருமுறை நனைத்து உலர்த்தி வெட்டினேன். வட்டப் பாவாடையில் கிராஸாக, அதாவது துணியின் இழைகளுக்கு மூலைவாட்டாக, விழும் இடங்கள் தம் எடையாலேயே இறங்கும். எனவே இரண்டு நாள் தொங்கவிட்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் குறித்த பின்னரே ஓரம் மடித்தேன். சில இடங்களில் ஓரங்குலம்வரை வெட்ட வேண்டியிருந்தது.