ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்: எரர் காட்டாத பிழைகள்

திருகோணமலையில், எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் தரவோடு முதன்முறை மல்லுக்கட்டும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான். எந்தக் கட்டளை, எந்த வேர்ஷன், ஏன் இந்த எரர் என்பார்கள். அதெல்லாம் தேடினால் கிடைக்கும். ஒரு காலத்தில் என்னையும் அலைக்கழித்தவை, எரரே காட்டாமல் முடிவு வரைக்கும் கூட வருகிற பிழைகள்.

மாதிரிகளைப் பிரித்த விதம்

கடலோர வயல்களில் உப்பேறுவது இங்குள்ள விவசாயிகளுக்குத் தெரிந்த தொல்லை. அதனால் நெல்லும் உப்பும் மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. உப்புநீர் விட்ட நாற்றையும் நல்ல தண்ணீர் விட்ட நாற்றையும் ஒப்பிட்ட ஒரு மாணவி, "அக்கா, ஆயிரக்கணக்கில ஜீன் மாறி வந்திருக்கு" என்று சந்தோஷமாக வந்தாள். பட்டியலின் உச்சியில் நின்றவை நாள்நேரத்தோடு ஏறி இறங்கும் ஜீன்கள். விடியற்காலையில் உச்சம் தொடும் ஓஎஸ்சிசிஏ1 போன்றவை.

"இலை பறிச்சது எப்ப?"

"நல்ல தண்ணி நாற்று விடியவே. உப்பு நாற்று பின்னேரம்."

ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்ததும் வேறு வேறு நாளில், வேறு வேறு கிட்டில்.

அந்த ஆயிரங்களில் எது உப்பால் வந்தது, எது வெயிலால் வந்தது, எது கிட்டால் வந்தது என்று பிரித்துத் தர எந்த மென்பொருளாலும் முடியாது. பட்ச்சையும் (ஒன்றாகக் கையாண்ட மாதிரித் தொகுதியையும்) ஒரு காரணியாகச் சேர்த்தால், ஜீன் மாற்றங்களைக் கணக்கிடும் டிஇசீக்2 என்ற மென்பொருள் ஓட மறுக்கும், ஏனென்றால் தரவு அட்டவணையில் உப்பு நிரலும் பட்ச் நிரலும் ஒரே தகவலைத்தான் சொல்கின்றன. சேர்க்காமல் விட்டால் பேசாமல் ஓடி, மிகச் சிறிய பி பெறுமானங்களை (மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு தெரியும் சாத்தியங்களை) அள்ளித் தரும். பட்ச் விளைவைத் துடைக்கும் கருவியைப் போட்டால் உப்பின் விளைவும் கூடவே துடைபட்டுவிடும். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். பணம் கட்டி, ரீட்கள் (கருவி வாசித்த ஆர்.என்.ஏ. துண்டுகளின் வரிசைகள்) வந்து சேர்ந்த பிறகுதான் "புள்ளிவிபரம் பார்த்துத் தாங்கோ" என்று வருகிறார்கள். அப்போது பார்க்க ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், ஜீன் செயற்பாட்டில் மனிதத் திசுக்கள் சுண்டெலியின் அதே திசுக்களைவிட மற்ற மனிதத் திசுக்களோடுதான் நெருங்கி நின்றன. 2015இல் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் அந்தத் தரவை மறுபடி பார்த்து, ரீட்களின் தலைப்பு வரிகளை வைத்து, மாதிரிகள் ஐந்து பட்ச்களாக ஓடியதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு இனமும் கலந்திருந்தது ஒரே ஒரு பட்ச்சில். பட்ச் விளைவைக் கணக்கில் எடுத்ததும் மாதிரிகள் திசு வாரியாகக் கூடின.

இதற்கு வேண்டியது ஒரு பேனையும் தாளும். ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு பிரித்தெடுப்பு நாளிலும், சீக்வென்சிங் கருவியின் ஒவ்வொரு லேனிலும் (ஓடுபாதையிலும்) இரண்டு வகை நாற்றும் இருக்கவேண்டும். ஒரே மணி நேரத்துக்குள் மாறி மாறிப் பறியுங்கள். திகதி, நேரம், பறித்த ஆள், கிட்டின் லொட் இலக்கம் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். இப்படிக் கலந்திருந்தால், பட்ச் விளைவு இருந்தாலும் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியும்.

மூன்று ரெப்ளிகேட்

ஈஸ்டில் வகைக்கு 48 ரெப்ளிகேட் (ஒரே நிலையில் தனித்தனியே வளர்த்த மாதிரி) ஓட்டிய ஆய்வு 2016இல் வந்தது. மூன்றை மட்டும் எடுத்தால், முழுத் தரவில் தெரிந்த மாற்றங்களில் 20 முதல் 40 சதவீதத்தைத்தான் பெரும்பாலான கருவிகள் பிடித்தன. குறைந்தது ஆறு வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை. காசு குறைவென்றால் மாதிரிக்கான ரீட்களைக் குறைத்து நாற்றுகளைக் கூட்டுங்கள். ஒரே நாற்றின் ஆர்.என்.ஏ.யை மூன்றாகப் பிரித்து அனுப்பினால் அது ஒரு நாற்றுத்தான்.

டிபிஎம்மை டிஇசீக்2க்குக் கொடுப்பது

கூடாது. டிபிஎம் என்பது ஜீன் நீளத்துக்கும் மொத்த ரீட்களுக்கும் ஏற்பச் சரிசெய்த அளவு. ஒவ்வொரு ஜீனுக்கும் விழுந்த ரீட்களின் திருத்தாத எண்ணிக்கையைக் கொடுங்கள்.

இழைத்திசை

ரீட் டி.என்.ஏ.யின் எந்த இழையிலிருந்து வந்தது என்பதுதான் இழைத்திசை. ரீட்களை எண்ணும் எச்டிசீக் தானாகவே இழைத்திசை உண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஃபீச்சர்கவுண்ட்ஸ் என்ற இன்னொரு எண்ணும் கருவி இல்லை என்று எடுத்துக்கொள்ளும். சீக்வென்சிங்குக்கு ஆர்.என்.ஏ.யைத் தயாரிக்கும் உங்கள் கிட் எதிர்த்திசையாக இருந்தால் எச்டிசீக் பெரும்பாலான ரீட்களை எண்ணாமல் விட்டுவிடும். ஒரு மாதிரியை இழைத்திசை இல்லை, நேர், எதிர் என்ற மூன்று வழியிலும் எண்ணிப் பாருங்கள், உடனே தெரியும்.

எக்செல்

ஜீன் பட்டியலை அதில் திறந்து சேமிக்காதீர்கள். மார்ச்1 போன்ற பழைய ஜீன் பெயர் திகதியாகிவிடும்.

திருத்தாத பி பெறுமானம்

நெல்லில் 40,000க்குக் கிட்ட ஜீன்கள். உப்பு எதையுமே மாற்றாவிட்டாலும் ஏறத்தாழ 2,000 ஜீன்களின் பி பெறுமானம் 0.05க்குக் கீழே வரும். பல ஜீன்களை ஒன்றாகச் சோதிப்பதற்கு ஏற்ப, பெஞ்சமினி-ஹொக்பெர்க் முறையில் திருத்திய நிரலை மட்டும் பாருங்கள்.