மும்பைக்குப் போகிறவர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்

மும்பையில் அறை தேடுகிறவர்கள் பெரும்பாலும் வாடகையைப் பார்த்துத்தான் தேடத் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ரயில் தடம். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் அந்த ஒடுங்கிய நகரத்தில் மேற்குத் தடம் சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி வழியாக விராருக்குச் செல்கிறது. மத்தியத் தடம் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையமான சி.எஸ்.எம்.டி.யில் தொடங்கி தாதர், குர்லா, தாணே வழியாகக் கல்யாணுக்குச் செல்கிறது. ஹார்பர் தடம் அதே சி.எஸ்.எம்.டி.யிலிருந்து குர்லா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வேலை அடைகிறது. உங்களுக்கு வேலை இருக்கும் இடம் எந்தத் தடத்தில் இருக்கிறதோ அதே தடத்தில், ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை எடுத்துக்கொண்டால் பயணத்தின் பாதிச் சிரமம் குறைந்துவிடும். வரைபடத்தில் போரிவலியும் தாணேயும் அருகருகே இருப்பதுபோலத் தெரியும்; ஆனால் இரண்டுக்கும் நடுவே தேசியப் பூங்காவின் காடு கிடப்பதால், மின்ரயிலில் போக வேண்டுமென்றால் தாதர் வரை இறங்கி வந்து, தடம் மாறி, மீண்டும் மேலே ஏற வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் கிலோமீட்டர் கணக்கை நம்பி இப்படி அறை எடுத்துவிட்டு, மூன்று நாளும் ரயிலிலேயே கழித்த அனுபவம் எனக்கு உண்டு.

பெயர்களும் குழப்பும். மும்பை சென்ட்ரல் நிலையம் மத்தியத் தடத்தில் இல்லை, மேற்குத் தடத்தில் இருக்கிறது. மாட்டுங்கா மத்தியத் தடத்திலும், மாட்டுங்கா ரோடு மேற்குத் தடத்திலும் உள்ள வெவ்வேறு நிலையங்கள். பழையவர்கள் இன்னும் வி.டி. என்று சொல்வதுதான் இன்றைய சி.எஸ்.எம்.டி.; எல்பின்ஸ்டன் ரோடு என்று சொன்னால் அது 2018 முதல் பிரபாதேவி. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் ரயில்களில் பல, குர்லா அருகே உள்ள லோக்மான்ய திலக் முனையத்தில்தான் நின்றுவிடும் என்பதால், பயணச்சீட்டில் எல்.டி.டி. என்று இருக்கிறதா, சி.எஸ்.எம்.டி. என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறையை முடிவு செய்யுங்கள். எல்.டி.டி.க்கு மிக அருகே உள்ள மின்ரயில் நிலையம் ஹார்பர் தடத்தின் திலக் நகர்.

முதல்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் எப்போதும் சொல்வது தாதர் அல்லது மாட்டுங்காவைத்தான். தாதரில் மேற்குத் தடமும் மத்தியத் தடமும் சந்திப்பதால், நகரின் எந்தப் பகுதிக்கும் அதிகம் சுற்றாமல் போகலாம். நிலையத்தைச் சுற்றி நடுத்தர வாடகை விடுதிகளும் உண்டு. 2025 அக்டோபரில் ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோ தடமும் தாதரைத் தொட்டுச் செல்கிறது. அதே தடம் விமான நிலையத்தின் இரு முனையங்களையும் சித்திவிநாயகர் கோயிலையும் சி.எஸ்.எம்.டி.யையும் சர்ச்கேட்டையும் இணைப்பதால், பெட்டிகளோடு நெரிசலில் ஏற அஞ்சுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. தாதரில் அறை கிடைப்பது மிகக் கடினமான நாள் டிசம்பர் 6. அம்பேத்கர் நினைவு நாளையொட்டி அவருடைய நினைவிடமான சைத்தியபூமிக்கு லட்சக்கணக்கானோர் வருவார்கள். விநாயகர் சதுர்த்தியின் பத்து நாட்களிலும் பரேல், லால்பாக் சாலைகளில் வண்டி நகராது.

கேட்வே ஆஃப் இந்தியா, கடற்கரைச் சாலை, அருங்காட்சியகம் என்று தென்மும்பையைச் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் கொலாபாவிலோ ஃபோர்ட்டிலோ தங்குவது சுகம். வாடகை அங்கே கூடுதல்; அதே பணத்துக்கு அறையும் சிறியது. பழைய கட்டடங்களின் ஒரு மாடியைத் தடுத்து உருவாக்கிய விடுதிகள் அங்கே ஏராளம் என்பதால், அறையில் வெளிப்புறம் திறக்கும் சன்னல் உண்டா, மின்தூக்கி இயங்குகிறதா, குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்ற மூன்றையும் முன்பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். படங்களில் எல்லா அறையும் அகலமாகத்தான் தெரியும். ஒய்.எம்.சி.ஏ., ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆகியவற்றின் விருந்தினர் இல்லங்கள் எளிமையானவை, ஒழுங்கானவை. ஆனால் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். விமானத்தைப் பிடிக்க மட்டும் தங்குகிறவர்கள் அந்தேரி கிழக்கில் தங்கினால் போதும். 2025-இல் நவி மும்பையிலும் ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டிருப்பதால், விமானச் சீட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் அறை எடுப்பது இப்போது ஆபத்து.

ஓரிரவு மட்டும் தங்க வேண்டியவர்கள், கையில் உறுதியான ரயில் சீட்டு இருந்தால், அதன் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் நிலையத்தின் ஓய்வறைகளைப் பதிவு செய்யலாம். மும்பை சென்ட்ரலில் 2021 முதல் ஒருவர் படுத்துக்கொள்ளும் அளவிலான பாட் அறைகளும் உள்ளன. தனியாகச் செல்லும் இளைஞருக்கு அவை போதும், மூட்டை முடிச்சோடு செல்லும் குடும்பத்துக்கு ஒத்துவராது.

பரேலில் உள்ள டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்காக மும்பை செல்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் சில நாட்களுக்கு அல்ல, பல வாரங்களுக்கு இடம் தேடுகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தனியார் அறைகளில் உடனே பணத்தைக் கட்டிவிடாமல், முதலில் மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவை அணுகுங்கள். நோயாளிகளுக்கும் உடன் வருபவர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் இடம் தரும் தர்மசாலைகளுக்கு வழிகாட்டுவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலை அவற்றுள் பெயர்பெற்றது. இடத்துக்குக் காத்திருக்க நேரலாம். அதுவரை சமைத்துக்கொள்ள அனுமதிக்கும் அறையாகப் பார்த்து எடுப்பது நல்லது, ஏனெனில் சிகிச்சையில் இருப்பவருக்கு வெளிச்சாப்பாடு எல்லா நாளும் ஆகாது.

விடுதியில் பதிவு செய்யும்போது, அறைக்குள் வரும் நேரத்தையும் காலி செய்யும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு. பலவற்றில் நண்பகல் கணக்கு. விடியற்காலையில் வந்திறங்குபவர் நண்பகல் கணக்குள்ள விடுதிக்குப் போனால், அரை நாள் வரவேற்பறையிலேயே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ரூ. 7,500 வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், இன்னமும் 12 என்று எழுதியிருந்தால் கேளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விவரத்தை விடுதியினர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று சிறிய விடுதிகள் சில திருப்பி அனுப்பிவிடும் என்பதால், பதிவுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்த நகரம் அது. சாதாரண ஆண்டிலும் கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் தாதருக்கும் பரேலுக்கும் இடைப்பட்ட ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள காந்தி மார்க்கெட், குர்லா, சயான் ஆகிய இடங்களில் தண்ணீர் தேங்கும். அந்த மாதங்களில் செல்வதானால் தரைத்தள அறையைத் தவிர்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாட்டுங்கா கிழக்கில் இறங்கினால், பூக்கடையில் மல்லிகைச் சரமும் கோயில் வாசலில் தமிழும் மலையாளமுமாக, வந்த ஊர் எது என்று ஒரு கணம் தோன்றாது. இங்கே ராம் ஆஷ்ரயா, கஃபே மெட்ராஸ், ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகிய மூன்றும் எண்பது ஆண்டுகளைக் கடந்தவை. 1942-இல் தொடங்கிய ராம நாயக் கடையில், நிலையத்தை ஒட்டிய சந்தைக் கட்டடத்தின் மாடியில், வாழையிலையில் முழுச் சாப்பாடு கிடைக்கும். காலைப் பலகாரத்துக்கு மற்ற இரண்டும். ஞாயிறு காலை எட்டரைக்கு மேல் போனால் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியிருக்கும்; இப்பகுதியின் பழைய கடைகளில் சில திங்களன்று திறப்பதில்லை. இவற்றில் சமையல் உடுப்பி வழி என்பதால் சாம்பாரில் இனிப்பு சற்றுத் தலைதூக்கும். அதைக் குறையாகச் சொல்லித் தகராறு செய்யாமல் ரசத்தில் ஊறிய வடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். நம் ஊர்க் காரம் வேண்டுமென்றால் தாராவிக்குப் போகலாம். காலையில் மும்பையின் தெருக்களில் மிதிவண்டியில் இட்லி விற்கிறவர்களில் பலர் அங்கிருந்து புறப்படும் தமிழர்கள்தான்.

ஆனாலும் மும்பைக்குப் போய் மூன்று வேளையும் இட்லி தோசையே தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாதர் மேற்கில் ஆஸ்வாத், பிரகாஷ் போன்ற மராத்திச் சிற்றுண்டிச் சாலைகளில் முளைகட்டிய பயற்றுக் குழம்பான மிசல், ஜவ்வரிசி வடை, தாலிபீட் ஆகியவற்றைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்; தாலிபீட் என்பது பல தானிய மாவில் தட்டுகிற நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துத் தரும் வடாபாவ் பிறந்ததும் 1960-களில் தாதர் நிலைய வாசலில்தான் என்று சொல்வார்கள். எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்த வடை இருக்கும் கடையில், கூட்டம் நிற்கும் கடையில் வாங்குங்கள். அடுக்கி வைத்து ஆறிப்போனதை வாங்காதீர்கள். மழைக்காலத்தில் தெருவோரப் பானிபூரியையும் பனிக்கட்டி போட்ட பழச்சாற்றையும் விட்டுவிடலாம்.

தெற்கே சென்றால், மரைன் லைன்ஸ் நிலையத்துக்கு அருகே 1904 முதல் நடக்கும் கயானி போன்ற ஈரானிக் கடையில் வெண்ணெய் தடவிய பன்னான பன் மஸ்காவைத் தேநீரில் தோய்த்துத் தின்பது ஒரு காலைப்பொழுதுக்கு ஏற்றது. பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-இல் தொடங்கிய பிரிட்டானியாவின் பெர்ரி புலாவை மதிய வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குக் கல்பாதேவியின் தாக்கர் போஜனாலயத்தில் குஜராத்தித் தாலி உண்டு. போதும் என்று கையால் மறைக்கும் வரை பரிமாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் காலையில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். ரம்ஜான் மாதத்தில் சென்றால், இரவு ஒன்பதுக்கு மேல் முகமது அலி சாலையில் மினாரா பள்ளிவாசல் பக்கம் கபாபும், மால்புவா, பிர்னி போன்ற இனிப்புகளும் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளின் கையை விடக்கூடாது. நடுத்தர உணவகங்களின் ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியே போட்டிருந்தால், அது கட்டாயமில்லை என்று சொல்லி நீக்கச் சொல்லலாம்.

சாப்பிடப் போவதற்கும் நேரக் கணக்கு உண்டு. காலை எட்டரை முதல் பதினொன்று வரை தெற்கு நோக்கியும், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை வடக்கு நோக்கியும் செல்லும் மின்ரயில்களில் புதியவர்கள் ஏறுவது வீண் துணிச்சல். நள்ளிரவு ஒரு மணி முதல் நான்கு மணி வரை பெரும்பாலும் ரயிலே இராது. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பராமரிப்புக்காக ‘மெகா பிளாக்’ என்று சில தடங்களில் ரயில்களைக் குறைப்பார்கள். முந்தைய நாளே அறிவிப்பைப் பாருங்கள். ஆட்டோ தென்மும்பைக்குள் வராது, பாந்த்ரா, சயானோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணம் ஆட்டோவுக்கு ரூ. 26, டாக்சிக்கு ரூ. 31, மீட்டர் போட்டே ஓட்டுவார்கள், பேரம் பேச வேண்டியதில்லை.

ஊர் திரும்பும் நாளில் ரயில் எல்.டி.டி.யிலிருந்து என்றால், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட அந்த முனையத்தின் அக்கம்பக்கத்தில் நல்ல இடம் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். மாட்டுங்காவில் சாப்பிட்டு, இரவுக்கு இட்லியும் தயிர்சாதமும் கட்டி வாங்கிக்கொண்டு, மழைக்காலமானால் இரண்டு மணி நேரம் முன்னதாக டாக்சி பிடித்துவிடுங்கள்.