மனுவில் குறள் எங்கே வரவேண்டும்?

ஜூனியர்கள் கொண்டுவரும் வரைவில் முதல் பத்தியிலேயே குறள் இருந்தால் அடித்துவிடுவேன். மனு என்ன கல்யாணப் பத்திரிகையா?

சட்டத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் குறளுக்கு இடம். வேலை நேரத்தில் ஒருநாள் தூங்கிய இரவுக் காவலாளியை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். முதலில் ரஞ்சித் தாக்கூர் வழக்கை எழுதுங்கள். சாப்பிட மறுத்த ராணுவ வீரருக்கு ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் கொடுத்தது அளவுக்கு மீறியது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு அடுத்து 561-ஆம் குறள்:

தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.

அப்படியே விட்டுவிடாமல் பிரித்துக் காட்டுங்கள். ‘தக்காங்கு நாடி’ என்றால் முறையான விசாரணை. ‘தலைச்செல்லா வண்ணம்’ என்றால் அந்தத் தப்பை மறுபடி செய்யாதபடி. ‘ஒத்தாங்கு’ என்றால் குற்றத்துக்கு ஏற்ற அளவு. பதினான்கு வருடம் ஒரு மெமோகூட வாங்காத மனுஷன். ஒரு இன்கிரிமென்டை வெட்டினாலே இனி தூங்கமாட்டார். இப்போது குறள் உங்களுக்காக வாதாடுகிறது.

விசாரணையே இல்லாமல் நீக்கியிருந்தால் கண்ணகியின் ‘தேரா மன்னா’ நாக்கில் வந்து நிற்கும். எழுத்தில் போடுங்கள், நிர்வாகத்தைத்தான் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நீதிபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

நினைவை நம்பாதீர்கள். ஒரு ஜாமீன் மனுவில் ஒரு குறளின் முதலடியோடு வேறொரு குறளின் அடியை ஒட்டிவிட்டேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “இது எந்த அதிகாரம்?” என்றார். ஜாமீன் கிடைத்தது. ஆனால் அப்புறம் ஒரு மாதம் வக்கீல்களின் பார் ரூமில் எனக்குப் பெயர் திருவள்ளுவர்.

முன்னும் பின்னும் உள்ள குறள்களையும் படியுங்கள். கொலை மேல்முறையீட்டில் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் செங்கோன்மை அதிகாரத்தைத் தொட்டால், அதே அதிகாரத்தின் கடைசிக் குறளை அரசு வக்கீல் எடுத்து நீட்டுவார்: கொடியவரைத் தண்டிப்பது பயிருக்குக் களை பறிப்பது போல என்கிறது 550.

உயர் நீதிமன்றம் என்றால் மூலத்தைத் தமிழிலேயே கொடுத்து, கீழே நேரான ஆங்கிலப் பொருளை நீங்களே எழுதுங்கள். ஜி.யு. போப்பின் 1886 ஆங்கில மொழிபெயர்ப்பு செய்யுள் நடை. அதற்குத் தனியாக ஒரு உரை சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு மனுவுக்கு ஒன்று போதும். இரண்டாவதைப் போடக் கை அரித்தால், இன்னொரு தீர்ப்பைத் தேடுங்கள்.