மேடு வந்தால் ஸ்கிர்மியான் ஆகிவிடாது

"சார், மேடு வந்திருச்சு!" காரைக்குடியில் என்னிடம் திட்டப்பணிக்கு வரும் பிள்ளைகள் ஹால் வரைபடத்தை, அதாவது காந்தப்புலத்தை மாற்றும்போது மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தின் கோட்டை, நீட்டுவது இப்படித்தான். ஸ்ட்ரான்சியம் ரூத்தனேட் என்ற காந்தப் பொருளின் மேல் ஸ்ட்ரான்சியம் இரிடேட்டைப் படியவைத்த மெல்லிய படலத்தில் தெரிந்த மேட்டை, 2016இல் ஜப்பானியக் குழு ஒன்று ஸ்கிர்மியானின், அதாவது பொருளுக்குள் காந்தத் திசை சுழன்று முறுக்கிக்கொண்ட நுண்சுழலின், அடையாளம் என்றது. பிறகு மேட்டைக் கண்ட பலரும் அப்படியே எழுதினார்கள்.

அவசரப்படாதீர்கள். ஒரே படலத்தில் ஓரிடம் 4 அடுக்கு, பக்கத்தில் 5 அடுக்கு இருக்கலாம். ஓர் அடுக்கு சுமார் 0.4 நானோமீட்டர்தான். ஆனால் இந்தப் பொருளில் ஹால் சமிக்ஞையின் குறி தடிமனோடும் வெப்பநிலையோடும் மாறும். ஒரு பகுதி +3 தருகிறது, அதன் காந்தத் திசை அரை டெஸ்லாவில் புரள்கிறது. மற்றது −2 தருகிறது, ஒன்றரை டெஸ்லாவில் புரள்கிறது என்று வையுங்கள். இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் நிலையிலிருந்து புலத்தை ஏற்றும்போது கூட்டுத்தொகை −1இல் தொடங்கி, நடுவில் 5ஆகி, கடைசியில் 1இல் நிற்கும். அழகான மேடு, உள்ளே ஒரு ஸ்கிர்மியானும் கிடையாது.

கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. மின்முனைகள் நேர் எதிரே அமையாததால் கலக்கும் மின்தடையைக் கழிக்க, புலம் (B) ஏறும்போது எடுத்த ஏறுமுகத்தின் +B மதிப்பை, இறங்கும்போது எடுத்த இறங்குமுகத்தின் −B மதிப்போடு இணைக்க வேண்டும். ஏறுமுகத்தை ஏறுமுகத்தோடே சேர்த்தால் மேட்டை நாமே செய்துவிடுவோம்.

அடுத்து படம். காந்த ஊசியைப் படலத்தின் மேல் ஓட்டிப் படமெடுக்கும் காந்தவிசை நுண்ணோக்கியில் நானும் ஏமாந்திருக்கிறேன். வரிசையாக வட்டப் பொட்டுகள். சந்தோஷத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் ஸ்கேன் திசையை 90 டிகிரி திருப்பினால் வரிசையும் கூடவே திரும்பியது! ஊசியின் காந்தம்தான் பொட்டுகளை இழுத்து அடுக்கியிருக்கிறது. காந்தம் குறைந்த ஊசியைப் போட்டு, இன்னும் உயரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

அசையாத பொட்டையும் நம்பிவிட முடியாது. எங்கள் ஊர் வீடுகளில் மெத்தையிலிருந்து (மாடியிலிருந்து) கீழே வளவை (முற்றத்தை)ப் பார்த்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வட்டம் தெரியும். இதழ் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியாது. நுண்ணோக்கியும் வெளியே கசியும் புலத்தைத்தான் காட்டுகிறது. முறுக்கே இல்லாத சாதாரணக் காந்தக் குமிழும் அதே வட்டமாகத்தான் தெரியும். படமும் ஹால் அளவீடும் ஒரே சாம்பிளில், ஒரே வெப்பநிலையில், ஒரே புலத்தில் எடுத்தவையா என்று முதலில் கேளுங்கள்.

எலக்ட்ரான்களைச் சாம்பிளின் ஊடாகச் செலுத்திக் காந்தத்தைப் பார்க்கும் லோரன்ட்ஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புவதென்றால், படலம் உட்கார்ந்திருக்கும் அடித்தட்டைத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். காந்தத் திசை மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து புரளும் நீல் வகை ஸ்கிர்மியான் நேர்ப்பார்வையில் அதில் தெரியாது. படம் வெறுமையாக வந்தால் சாம்பிளைத் தூக்கிப் போடாமல், 20, 30 டிகிரி சாய்த்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.